இடம் மாறிய இரு கம்பிகள்

வீட்டில் மின்சார வேலை முடிந்தது என்பதற்கு மக்கள் கொண்டுள்ள அடையாளம் ஒன்றே. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். காற்றாடி சுழல வேண்டும். அவ்வளவு நடந்துவிட்டால் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுவர். தச்சு வேலையில் பிழை நேர்ந்தால் கதவு சாத்தாது. கொத்து வேலையில் பிழை நேர்ந்தால் சுவர் வெடிக்கும். குழாய் வேலையில் பிழை நேர்ந்தால் தரை நனைந்து காட்டிக் கொடுக்கும். மின்சார வேலையில் மட்டும், பெரும்பிழை ஒன்று எந்தக் குறியும் காட்டாமல் பல்லாண்டுகள் சுவருக்குள் அமர்ந்திருக்க முடியும். லைவ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக இணைக்கப்பட்டிருப்பதே அப்பிழை. நூலோர் இவற்றை மின்னோட்டக் கம்பி, நடுநிலைக் கம்பி என்பர். மூன்றாவதைப் புவிக்கம்பி என்பர். ஆனால் கடையிலோ ஒயர்மேனிடமோ லைவ், நியூட்ரல், எர்த் என்று சொன்னால்தான் விளங்கும்.

வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். ஒரு விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது அதன் இயல்பு. அவ்வாறிருக்க, எந்தக் கம்பி எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று ஓரளவு படித்தவர்களே கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். பல்புக்கும் காற்றாடிக்கும் அந்த வேறுபாடு தெரியாது என்பது உண்மை. மனித உடலுக்கோ அது நன்றாகத் தெரியும். மின்மாற்றி நிலையத்தில் நியூட்ரல் கம்பி மண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஆதலால் அதற்கும் தரைக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடு மிகவும் சிறிது. லைவ் கம்பிக்கும் தரைக்கும் இடையிலோ முழுமையாக 230 வோல்ட் நிற்கிறது. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டுக்கு முன் இதனை 240 என்றே குறித்து வந்தனர். மனிதன் தரையில் நிற்பவன். ஈரச் சுவரைத் தொடுபவன். இரும்புக் குழாயைப் பற்றுபவன். அவன் கை நியூட்ரலில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் நேராது. லைவில் பட்டால் அவனே ஒரு கம்பியாகி விடுகிறான்.

இதனால்தான் சுவிட்ச் எப்பொழுதும் லைவ் கம்பியின் வழியில் இருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. சுவிட்சை அணைத்தால் லைவ் அங்கேயே தடைபடும்; அதற்கு அப்பால் உள்ள பல்பும் அதன் பிடியும் வெறும் உலோகமாகிவிடும். கம்பிகள் இடம் மாறியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும். ஓட்டம் நின்றுபோகும், விளக்கும் அணையும், ஆயினும் விளக்கின் பிடியில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். வயலுக்கு முன்னே வைக்க வேண்டிய மதகை வயலுக்குப் பின்னே வைத்தவன் நிலை இது. மதகை அடைத்தால் நீர் ஓடுவது நிற்கும். ஓட்டம் நின்றதைக் கண்டு வயல் காய்ந்துவிட்டது என்று எண்ணி இறங்குபவன் இடுப்பளவு நீரில் நிற்பான்.

கிள்ளான் வட்டாரத்துத் தாமான் ஒன்றில் இவ்வாறு ஒரு வீடு இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம். தந்தை லோரி ஓட்டுநர். வரிசை வீட்டின் பின்புறத்தில் சமையலறையை நீட்டி, இரும்புச் சட்டத்தின்மேல் தகரக் கூரை போட்டிருந்தனர். கூரை வேலைக்கு வந்தவர்களுள் ஒருவரே, "இதுக்குப் போயி தனியா ஆள் எதுக்கு?" என்று சொல்லி, பழைய சமையலறை விளக்கிலிருந்து இரட்டை ஒயர் ஒன்றை இழுத்துப் புதிய விளக்கையும் மாட்டிக் கொடுத்தார். அவ்வொயரின் இரு இழைகளும் ஒரே வெள்ளை நிறம். எது எதுவென்று பார்க்க அவருக்கு வழியுமில்லை. பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை. விளக்கு எரிந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் அது குறையின்றி எரிந்தது.

ஒரு குறி மட்டும் இருந்தது. எல்.இ.டி. பல்பு போட்ட பிறகு, இரவில் அணைத்த பின்னும் அது நிலவின் மங்கல் போல மிக இலேசாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. வீட்டுப் பாட்டி அதனைக் கண்டு, மறைந்த தம் கணவரின் நினைவாகச் சில வெள்ளிக்கிழமைகளில் அவ்விடத்தில் சாம்பிராணி காட்டி வந்தார். பாட்டியின் பக்தியைக் குறை கூறுவதற்கில்லை. படித்த பேரப்பிள்ளைகளும் அந்த ஒளியைக் கண்டு சிரித்தார்களே அன்றிக் காரணம் தேடவில்லை. அணைத்த பிறகும் மின்னும் பல்பு, விட்டு விட்டுத் துடிக்கும் குழல் விளக்கு ஆகியவை சுவிட்ச் தவறான கம்பியில் இருப்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். வேறு காரணங்களாலும் அவ்வாறு நேர்வதுண்டு. சிறு சிவப்பு விளக்குப் பொருத்திய சுவிட்சுகளும், நீண்ட தூரம் அருகருகே ஓடும் ஒயர்களும் அதைச் செய்யும். எனினும் பார்க்க வேண்டிய குறி அது.

தீபாவளிக்கு முந்திய நாள், வீட்டின் மூத்த மகன் அந்தப் பல்பை மாற்ற ஏறினான். சுவிட்சை அணைத்துவிட்டே ஏறினான். பிளாஸ்டிக் முக்காலி, இடக்கை கூரையின் இரும்புச் சட்டத்தைப் பற்றியிருந்தது. பழைய பல்பைக் கழற்றிய வலக்கை விரல், இருட்டில் பிடியின் உள்ளே பட்டது. மறுகணம் அவன் தரையில் கிடந்தான். வீடு முழுவதும் இருண்டது. மீட்டர்ப் பலகையில் இருந்த ஆர்.சி.சி.பி. விழுந்ததால் உயிர் தப்பினான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

மறுநாள் காலையில் அழைக்கப்பட்டு வந்தவர் அறுபது வயதைக் கடந்த ஒயர்மேன். பண்டிகை நாள் என்றும் பாராமல் வந்தார். தாயார் அவரிடம் அழுகையும் சினமுமாகச் சொன்னார்:

"அண்ணே, சுவிட்ச அடைச்சிட்டுத்தாண்ணே ஏறினான். என் கண்ணால பாத்தேன்."

"அடைச்சான்மா. அவன்மேல தப்பு இல்ல. அடைபட்டது வேற கம்பி."

"மூணு வருசமா நல்லாத்தானே எரிஞ்சிச்சு?"

"எரியும்மா. எப்படிக் கொடுத்தாலும் எரியும். அணைச்சப்புறம் என்னா ஆவுதுன்னு யாரும் பாக்கல."

அவர் டெஸ்ட் பென்னை எடுத்து, சுவிட்சை அணைத்த நிலையிலேயே பிடியின் உள்ளே வைத்தார். பென்னின் சிறு விளக்கு சிவந்து எரிந்தது. தாயார் அதற்குமேல் பேசவில்லை. இணைப்பைத் திறந்து இரு முனைகளையும் இடம் மாற்றி முடுக்க அவருக்குக் கால்மணி நேரம் கூடத் தேவைப்படவில்லை.

அந்த இளைஞனைக் காத்த கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆர்.சி.சி.பி. என்பது லைவில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்ப்பது. போனதில் ஒரு பகுதி திரும்பாமல் வேறு வழியே, மனித உடலின் வழியே தரைக்குச் சென்றால், அக்கணமே இணைப்பை வெட்டிவிடும். கம்பிகள் இடம் மாறியிருப்பதை அது அறியாது. கணக்கு நேராக இருக்கும்வரை அது வாளாவிருக்கும். ஒருவர் உடல் அந்தப் பிழையை அறிவித்த பிறகே அதுவும் அறிகிறது. லைவையும் நியூட்ரலையும் ஒருங்கே தொட்டு, தரையோடு தொடர்பின்றி நிற்பவனை அதனால் காக்கவே இயலாது. அவன் அதன் கண்ணுக்கு மற்றொரு பல்பு. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள், ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30, பிறவற்றுக்கு 100 என இதன் அளவை வகுத்தன. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகி, பிடித்த கை விடாது. 30-ஐத் தாண்டி நீடித்தால் இதயம் முறைதவறித் துடிக்கும் இடர் தோன்றுகிறது. அது ஓர் 60 வாட் பல்பு உண்ணும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! சிங்கப்பூரில் 1985 ஜூலையிலிருந்து கட்டப்படும் வீடுகளில் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய வீடுகளும் இதனைப் பொருத்தியாக வேண்டும் என்ற சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, 2025 ஜூலை முதல் நாள்வரை தவணை கொடுத்தது.

விளக்கோடு இது முடிவதில்லை. 1947-இல் பிரிட்டனில் வகுக்கப்பட்டு இந்நாடுகளிலும் நிலைபெற்ற சதுர முனை பிளக்கினுள்ளே சிறு பியூஸ் ஒன்று உண்டு. அது லைவ் முனையோடு பிணைந்தது. சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் கம்பிகள் மாறிவிட்டால் அந்தப் பியூஸ் நியூட்ரலின் காவலாளியாகிவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியின் உள்ளே லைவ் கம்பி கழன்று உலோக உடலில் பட்டால், மின்னோட்டம் எர்த் வழியே போய்விடும். நியூட்ரலில் அமர்ந்த பியூஸ் அதைக் காணவே காணாது. காவலன் பின்வாசலில் நிற்கக் கள்வன் முன்வாசலில் போவது போலத்தான். ரொட்டி சுடும் பெட்டியில் ஒற்றை முனை சுவிட்ச் இருந்தால், அணைத்த பின்னும் உள்ளிருக்கும் சூட்டுக் கம்பிகள் லைவாகவே நிற்கும். சிக்கிய ரொட்டியைக் கத்தியால் கிண்டி எடுக்கும் பழக்கம் எத்தனை வீடுகளில் உண்டு என்பதை இல்லத்தரசிகளே அறிவர். திருகிப் பொருத்தும் பல்புகளில், வெளியே தெரியும் திருகுப் பகுதி நியூட்ரலாகவும் அடியிலுள்ள நடுப்புள்ளி லைவாகவும் இருக்க வேண்டும். மாறினால், விரல் முதலில் படும் இடமே லைவாகிறது.

மலாயாவில் மின்சாரம் கால்கொண்ட கதையில் தமிழருக்கும் பங்குண்டு. 1894-இல் இராவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் நிறுவிய மின்னாக்கியே இந்நாட்டின் முதல் மின்னாக்கி எனப் பதிவாகியுள்ளது. ஆயினும் அச்சுரங்கத்துக்குச் சற்றுத் தொலைவில் இருந்த தோட்ட லயங்களுக்கு அந்த ஒளி வந்து சேர நெடுங்காலமாயிற்று. 1949-இல் மத்திய மின்சார வாரியம் எழுந்து, 1965-இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறிய பின்னரும், எத்தனையோ லயங்களில் தோட்ட நிருவாகத்தின் ஜெனரேட்டர்தான் மாலையில் உறுமி இரவில் ஓய்ந்தது. வீட்டுக்கு ஓரிரு விளக்குகள். பிளக் பாயிண்ட் என்பதே அரிது. அங்கே வளர்ந்த தலைமுறை பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, குளிர்ப்பெட்டியும் துவைக்கும் இயந்திரமும் நீர்ச்சூடேற்றியும் ஒருசேர வீட்டுக்குள் வந்தன. வீடு கட்டியவர் வைத்த பிளக் பாயிண்டுகள் போதவில்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர் வீட்டின் அங்கமாயிற்று. பின்புறம் நீட்டிக் கட்டிய ஒவ்வோர் அறையும் பழைய ஒயரில் ஒட்டுப் போட்டே ஒளி பெற்றது. திருமணத்துக்கு வாசலில் பந்தல் எழுந்தால் சன்னல் வழியே ஒரு ஒயர். தீபாவளிக்கு வேலியெங்கும் மற்றொரு சரம். எல்லாவற்றையும் இணைத்தவர் யார் என்று கேட்டால், "நம்ம பையன்தான்" என்ற விடை வரும். அந்தப் பெருமிதத்தில் அன்பு இருக்கிறது. பாதுகாப்பு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

நிறங்கள் வேறு குழப்புகின்றன. மலேசியாவில் சுவருக்குள் ஓடும் பழைய ஒயர்களில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. அதே வீட்டில் கெண்டியின் ஒயரை வெட்டிப் பார்த்தால் லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு மொழிகள். மும்முனை மின்சாரம் பெறும் பெரிய வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் லைவ். கெண்டியில் சாதுவாக இருந்த நீலம் அங்கே ஆளைக் கொல்லும். சிங்கப்பூரில் 2009-இல் நிலையான ஒயர்களின் நிறமும் பழுப்பு, நீலம் என மாற்றப்பட்டது. மும்முனையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் லைவாயின. பழைய ஒழுங்கில் நியூட்ரலாக இருந்த கறுப்பு, புதிய ஒழுங்கில் லைவ்! பாலத்தின் இரு கரையிலும் மாறி மாறி வேலை செய்யும் ஒயர்மேன், நிறத்தை நம்பாமல் சோதித்தே தொடுவது அச்சத்தால் அன்று, அனுபவத்தால். முன்னே வேலை செய்தவர் கையில் எந்த ஒயர் இருந்ததோ அதைப் போட்டுச் சென்றிருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

இதற்கொரு மறுப்பும் உண்டு. ஜெர்மனியில் வீட்டுப் பிளக்கை எப்பக்கமாகத் திருப்பியும் செருகலாம். அங்கே லைவும் நியூட்ரலும் நாள்தோறும் இடம் மாறுகின்றன. யாரும் கவலைப்படவில்லையே என்பர். உண்மை. ஆனால் அவர்கள் பிளக்கினுள்ளே பியூஸ் இல்லை. காவல் முழுவதும் மீட்டர்ப் பலகையில் இருக்கிறது. எப்பக்கம் வந்தாலும் தாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கருவிகளும் செய்யப்படுகின்றன. இங்கே நிலவும் முறையோ லைவ் தன் இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. அக்கருவிகளின் இருமுனைப் பிளக்கை இங்கே வாங்கி வந்து, எர்த் துளையில் பேனா மூடியையோ திருப்புளியையோ குத்தித் திறந்து செருகும் வழக்கம் வீடுதோறும் உண்டு. எர்த் முனை மற்றவற்றைவிட நீளமாக இருப்பதே, அது முதலில் நுழைந்து மற்ற இரு துளைகளின் மூடியைத் திறக்க வேண்டும் என்பதற்காக. குழந்தையின் விரலையும் கம்பியையும் தடுக்க வைத்த அந்த மூடியை, பெரியவர்கள் குழந்தையின் கண்ணெதிரிலேயே குத்தித் திறந்து காட்டுகிறார்கள்.

சில வெள்ளி விலையுள்ள டெஸ்ட் பென் ஒன்று இருந்தால் வீட்டுத் தலைவரே பாதி உண்மையை அறியலாம். பிளக் பாயிண்டை நேரே பார்க்கும்போது மேலே இருப்பது எர்த், வலப்புறம் லைவ், இடப்புறம் நியூட்ரல். பென் வலப்புறத்தில் எரிந்து இடப்புறத்தில் எரியாதிருந்தால் கம்பிகள் தம் இடத்தில் உள்ளன. இடப்புறத்தில் எரிந்தால் ஒயர்மேனை அழைக்க வேண்டும். பாதி உண்மை என்றது ஏனெனில், எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்பதைப் பென் சொல்லாது. எங்கேனும் நியூட்ரல் அறுந்திருந்தால் இரு துளையிலும் எரிந்து குழப்பவும் கூடும். மூன்று சிறு விளக்குகள் கொண்ட சோதனைப் பிளக் இன்னும் சற்று மேலானது. அதுவும் நியூட்ரலும் எர்த்தும் தம்முள் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்காது, இரண்டும் தரையின் அழுத்தத்திலேயே நிற்பதால்.

பல்பு மாற்ற, காற்றாடி துடைக்க ஏறுவோர் சுவர் சுவிட்சை மட்டும் நம்பலாகாது. அந்தந்த அறைக்குரிய சிறு எம்.சி.பி.யை இறக்கினால் போதும் என்பதும் தவறு. அது ஒரு கம்பியை மட்டுமே வெட்டும். மெயின் சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒருங்கே துண்டிப்பது. கம்பிகள் எப்படி மாறியிருந்தாலும் அதனை இறக்கிய பின் வீட்டு ஒயரில் மின்சாரம் இராது. குளிர்ப்பெட்டி பத்து நிமிடம் நின்றால் மீன் கெட்டுப்போகாது.

1990-ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டமும் அதன்கீழ் எழுந்த ஒழுங்குவிதிகளும், தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனே இவ்வேலையைச் செய்ய வேண்டும் என்கின்றன. வேலை முடிந்ததும் அவர் இரண்டு படிவங்கள் நிரப்ப வேண்டும்: மேற்பார்வைக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று, 'ஜி' பாரம், 'எச்' பாரம் என்று தொழிலில் சொல்வர். செய்ய வேண்டிய சோதனைகளுள் கம்பிகள் தத்தம் இடத்தில் உள்ளனவா என்பதும் ஒன்று. மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே, பல்புகளைக் கழற்றி, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டும் அணைத்தும், மீட்டரால் அதனைப் பார்க்க வேண்டும். புது வீட்டுக்கு இவையெல்லாம் நடக்கின்றன. பின்புறம் நீட்டிக் கட்டிய சமையலறைக்கு யாரும் பாரம் கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை.

பழைய ஒயர்மேன்கள் சிலர் பாரம் இல்லாத சிறு வேலையிலும் ஒரு வழக்கத்தை விடுவதில்லை. விளக்கை மாட்டி எரியவிட்டுக் காட்டியதும் வீட்டுக்காரர் பணப்பையைத் திறப்பார். அவர்கள் கையமர்த்திவிட்டு, வீட்டுக்காரரையே சுவிட்சை அணைக்கச் சொல்வார்கள். பிறகு ஏணியில் மீண்டும் ஏறி, பல்பைக் கழற்றி, இருண்ட பிடியினுள் டெஸ்ட் பென்னை வைத்து, அது எரியாமல் இருப்பதை அவருக்குக் காட்டுவார்கள். இறங்கி வந்து கை கழுவிய பின்னரே கூலிப் பேச்சு.